மேய விட்ட நெருப்பு

மச்சான்,

நேற்று உன் மதினி துவைப்பதற்காக என் சட்டைகளை அள்ளும்போது ஒன்றின் பையிலிருந்து சந்தனக்குச்சிப் பக்கெட் கீழே விழுந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஊர்ல ஆம்புளையள் சிகரட்டத்தான் ஒளிச்சி வைப்பாங்க. நீங்க இத ஒளிச்சி வெச்சிரிக்கீங்க. சட்டையெல்லாம் மையித்து வீட்டு வாசம்."

நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சொன்னதிலும் பிழையில்லை. சந்தனக்குச்சியும் பன்னீரும் கற்பூரமும் ஒன்றாக மணந்தால், யார் மௌத்து, எந்த வீட்டில் சாவு என்றுதான் நம் சாய்ந்தமருதில் முதலில் கேட்பார்கள். எனக்கு மட்டும் அந்த மணம் வந்தால் காட்டோர வரப்பு நினைவுக்கு வரும். காக்கிச் சட்டை, தலையில் ஈரத் துவாய், கையில் எரியும் ஒற்றைச் சந்தனக்குச்சி, ஒரு கண்ணை மூடி அதன் புகையைப் பார்த்தபடி நீ. பக்கத்தில் நின்று நான் ஏதாவது வளவளத்தால், "காத்து கதைக்கும் மச்சான், நீ கொஞ்சம் வாய மூடினா" என்பாய்.

இன்று அந்த வரப்புக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீ இல்லாமல் புல் எரிக்கப் போன முதல் நாள். பென்சன் எடுத்த பிறகும் போன வருடம் வரை நீதான் முன்னால் நின்றாய். மாரி மழையோடு போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், உன்னோடு இந்த வேலையும் போய்விடுமோ என்பது. புது அதிகாரி நாள் சொன்னதிலிருந்து நித்திரை சரியில்லை. ஆக்கள் வருவார்களா? வந்தாலும் உன் சொல்லைக் கேட்ட மாதிரி இன்னொருவர் சொல்லைக் கேட்பார்களா? என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. உயிரோடு இருக்கும்போதே பாதியை மறந்து, மீதியை உனக்கு வசதியாக மாற்றிச் சொல்கிறவன் நீ.

நம் ஊர்க்காரருக்கு வீடு கடலோடு, சோறு காட்டோடு. வயல்கள் மேற்கே வட்டை வட்டையாக, பிரிவு பிரிவாகப் போகும். அதில் கடைசி வட்டை நம்முடையது. வயல் முடியும் இடத்தில் அரசாங்கக் காட்டின் எல்லைக் கற்கள். கற்களுக்கு அப்பால் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அதற்கும் அப்பால்தான் மரக்காடு. அந்த வட்டைக்கு நான் வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும், வாய்க்கால் சண்டைகளை விலக்குவதும் என் வேலை. தண்ணீருக்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. நெருப்புக்கு இருக்கவில்லை. சிறுபோகக் கதிர் பழுக்கிற காலமும், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் அடிக்கிற காலமும் ஒன்று. யாரோ ஒரு வேட்டைக்காரன், யாரோ ஒரு மாட்டுக்காரன் போட்ட பீடித்துண்டு போதும். புல்லில் பிடித்ததைக் கச்சான் நேரே நம் வயலுக்குத்தான் கொண்டுவரும். நீ மாற்றலாகி வருவதற்கு முந்திய வருடம் காசிம் காக்கா தங்கியிருந்த வாடிக் குடிசையையும், அறுவடைக்கு நின்ற அவருடைய வயலில் பெரும்பகுதியையும் தின்றுவிட்டுத்தான் அது படுத்தது.

அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். கரைவலைக்காரரின் மகன், என்னோடு கடற்கரை மணலில் உருண்டவன், மலைநாடும் வன்னியும் சுற்றி, நெற்றி ஏறிப்போய், நம் பகுதிக்கே வன அதிகாரியாக வந்திருந்தாய். தமிழில் கொஞ்சம் மலைநாட்டு வாடை வேறு. "என்னடா, தேயிலைக்காரன் மாதிரிக் கதைக்கிறாய்" என்று நான் கேட்டதற்கு நீ எறிந்த செருப்பு வாய்க்காலில் விழுந்து போனது. ஒற்றைச் செருப்போடுதான் அன்று உன் வன இலாகாக் கந்தோருக்குப் போனாய்.

வட்டைக்கு நடுவே இருக்கும் சின்னப் பள்ளியில், லுஹர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் போட்டுக் கொடுத்தேன். நீ எழும்பி உன் திட்டத்தைச் சொன்னாய்.

"கச்சான் எழும்ப முந்தி, புல்லுக் காஞ்சும் காடு பச்சையாவும் இரிக்கிற நேரத்துல, கல்லுக்கு அங்கால ஒரு பட்டி அகலத்துக்குப் புல்ல நாங்களே எரிச்சிடுவம். பொறகு பெரிய நெருப்பு வந்தாலும் அதுக்குத் திங்க ஒண்டும் இரிக்காது."

காசிம் காக்காதான் முதலில் வாயைத் திறந்தார். முந்திய வருடம் வயல் எரிந்தவர் அவர்; பேச அவருக்குத்தான் உரிமை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"சேர், நெருப்பால நாங்க பட்டது காணாதா? இப்ப அரசாங்கமே நெருப்பு வைக்கப் போகுதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கு எரிப்பீங்க. எரிஞ்ச இடம் வெட்டையா இரிக்கும். நாளைக்கு அந்த வெட்டையில புதுசாக் கல்லு நடுவீங்க. அதுக்குப் பொறகு கல்லு இஞ்சால நகரும். நாங்க காணாத கல்லா?" என்றார்.

அது கல் என்ற சொல்லைக் கேட்டாலே வட்டையில் நெஞ்சு படபடக்கிற காலம். உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் காணி கையில் இருக்குமோ என்று எல்லாருக்கும் சந்தேகம். நீ பதில் சொல்ல முயன்றாய், ஆனால் சபை உன் வாயைப் பார்க்கவில்லை, காக்கிச் சட்டையைத்தான் பார்த்தது. திரும்பும்போது என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தாய். மாவடிப்பள்ளி தாண்டிய பிறகுதான் சொன்னாய்.

"காசிம் காக்கா என்னை சேர் எண்டு சொல்றாருடா. சின்னதுல என்ர காதப் புடிச்சி முறுக்கின மனுசன். நம்மட ஆக்களே என்னை நம்பாட்டி, இந்தச் சட்டைய இவ்வளவு காலம் நான் என்னத்துக்குப் போட்டன்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, உனக்கு இது வெறும் புல் எரிக்கிற வேலை இல்லை என்று. எங்களுக்கு வயல், உனக்கு உன் ஊர்.

அடுத்த நாள் நீ காக்கிச் சட்டை இல்லாமல், சாரத்தோடு காசிம் காக்காவின் புது வாடிக்குப் போனாய். அவர் தந்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்தாய். பிறகு அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு கல் கல்லாய் நடந்தாய். "காக்கா, கல்லுக்கு மேற்கால உள்ளது என்ர பொறுப்பு. கிழக்கால உள்ளது உங்கட. மனிசருக்கு இது தெரியும். நெருப்புக்குத்தான் கல்லுத் தெரியாது" என்றாய். எரிக்கப் போகும் பட்டியின் இரண்டு ஓரத்தையும் அவருடைய உழவு மெசினாலேயே உழுது தரச் சொல்லிக் கேட்டாய். "கல்லுக்கு எந்தப் பக்கம் கோடு விழுது எண்டு நீங்களே பாத்துக்கலாம்" என்றாய்.

காக்கா ஒப்புக்கொண்டார். "உங்கள நம்பி இல்ல, கண்காணிக்கத்தான்" என்று சொல்லிக்கொண்டேதான் மெசினில் ஏறினார். ஆனாலும் கோடு நேராக, கல்லுக்கு மேற்கேதான் விழுந்தது. நீ பின்னாலேயே நடந்து வந்தாய்.

பிறகு வந்தது அந்த நாள். எந்த நாள் எரிப்போம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, காற்றுத்தான் நாள் குறிக்கும் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தாய். கடலிலிருந்து கொண்டல் காற்று மெல்ல வர வேண்டும். வந்தால் புகையும் சுவாலையும் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் சாயும். நெருப்பை மட்டும் அந்தக் காற்றை எதிர்த்து நகர விட வேண்டும். "காத்தோட போனா ஓடும். காத்த எதுத்துப் போனா மாடு மாதிரி மேயும். நெருப்ப மேய விடணும், ஓட விடக் கூடா" என்பாய். அந்த நாள் கொண்டல் வந்தது. உன் ஆட்கள் கொஞ்சப் பேர், அம்பாறையிலிருந்து வந்த தண்ணீர் பவுசர் வண்டி, நான். நீ பையிலிருந்து சந்தனக்குச்சியை எடுத்துக் கொளுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"எந்த தர்கா அவுலியாவுக்கு?" என்று கேட்டேன்.

"மண்ண அள்ளி எறிஞ்சா ஒரு கணந்தான் தெரியும். இது நிண்டு கதைக்கும்" என்றாய். வெள்ளி இரவுகளில் உன் உம்மா கொளுத்தி வைக்கும் குச்சியின் புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான், விடிய வாப்பா வலை வளைப்பாரா இல்லையா என்று சின்ன வயதில் கண்டுபிடிப்பாயாம். புகை காட்டுப் பக்கம் சாய்ந்தது. பிஸ்மி சொல்லிப் பத்த வைத்தாய்.

உண்மையாகவே மேய்ந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாத சுவாலை, சடசடவென்று சின்னச் சத்தம், பின்னால் கறுப்புத் தரை. நான் நெருப்பை அவ்வளவு பக்கத்தில் பயமில்லாமல் பார்த்தது அன்றுதான்.

ஆனால் ஒருவரை நாம் மறந்துவிட்டோம். வட்டைப் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், மகள் வீட்டுக்கு அட்டாளைச்சேனைக்குப் போய், அன்று காலைதான் திரும்பியிருந்தார். அவருக்குக் கூட்டமும் தெரியாது, கோடும் தெரியாது. தொழுகைக்கு வுளூச் செய்ய வெளியே வந்தவர் மேற்கே புகையைக் கண்டார். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மௌத்து என்றாலும், பிள்ளை காணாமல் போனாலும், தோணி திரும்பாவிட்டாலும் பள்ளி மைக்கில் ஒரு குரல் வந்தால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கிறவன் கிடையாது. ஓடுவான்.

"வட்டையிலே நெருப்பு! கல்லடி ஓரத்திலே நெருப்பு! எல்லாரும் வாங்க!"

முதலில் மெசின்களின் சத்தம் கேட்டது. பிறகு வரப்பெல்லாம் ஆட்கள். ஈரச் சாக்கோடு, குழை முறித்த கையோடு, பீப்பாய் ஏற்றிய மெசின் பெட்டிகளோடு வந்தார்கள். சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் சோற்றுப் பானையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கையைத் தூக்கி நீ கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்தவர் காசிம் காக்கா. தானே உழுத கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, நீ மேய விட்ட நெருப்பை அடி அடியென்று அடித்தார். இடையில் கட்டாரிலிருந்து என் மகன் போன் எடுத்து, "வாப்பா, வட்டை எரியுதாமே" என்றான். அவனுக்கு அதற்குள் படம் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பொறி மிச்சமில்லை. காசிம் காக்கா மூச்சு வாங்கியபடி, முகமெல்லாம் கரியோடு உன்னிடம் வந்தார்.

"சேர், பயப்புடாதீங்க. அணைச்சிட்டம்."

"ஜஸாகல்லாஹு ஹைர், காக்கா" என்றாய் நீ. முகத்தில் ஒரு அசைவு இல்லை. கையில் தீப்பெட்டி இருந்தது.

நான் திரும்பி நின்று வாயைத் துவாயால் பொத்திக்கொண்டேன். பவுசர் சாரதி என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு அதை எந்தப் பாஷையிலும் சொல்ல வரவில்லை. காசிம் காக்கா உன் தீப்பெட்டியைப் பார்த்தார், கீழே குனிந்து தன் உழவுக் கோட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குலுங்கும். "உழுததும் நான்தான்" என்று மெல்லச் சொன்னார். "ஆனா பள்ளியில சொன்னா என்ன செய்யிற?"

வேறொரு அதிகாரி என்றால் அன்று ஏசியிருப்பான். நீ வரப்பில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தாய். கரி பூசிய கன்னத்தில் கோடு விழுந்தது. உன்னைப் பார்த்து ஒருவர், இருவர், பிறகு வட்டை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நீ எழும்பி நின்று சொன்னதை நான் இன்றுவரை பலருக்குச் சொல்லிக் காட்டுவேன்.

"நான் கேட்டு ஒராளும் வரல்ல. நெருப்பெண்டு கேட்டு வட்டையே வந்திரிக்கி. எனக்கு இலாகா தந்தது இந்தக் கொஞ்சப் பேரத்தான். அவங்கள வெச்சிப் பயந்து பயந்துதான் பத்த வெச்சன். நீங்க இவ்வளவு பேர் சுத்தி நிண்டா எனக்கு என்ன பயம்? பத்த வைக்கிறது என்ர வேலை. அணைக்கிறது உங்கட வேலை. சரியா?"

"அணைக்கிறது எண்டா நாங்க நல்லா அணைப்பம்" என்றார் காசிம் காக்கா. அதில் பெருமையும் இருந்தது, வெட்கமும் இருந்தது. பிறகு, "எப்ப திரும்பப் பத்த வைக்கப் போறாய் மனே?" என்று கேட்டார். அவர் சேரை விட்டு, மகனைக் கூப்பிடுகிற மாதிரி உன்னை மனே என்றதை நீ கேட்டாயா இல்லையா என்று நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையிலிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைக்க வேண்டியதற்கு மேலாகவே துடைத்தாய்.

அடுத்த முறை போனபோது அது கந்தூரி விருந்து மாதிரி ஆகிவிட்டது. மோதினாருக்கு முதல் தகவல். அவரே மைக்கில், "இன்று புகை வரும், யாரும் பதற வேண்டாம்" என்று சொன்னார். ஆனாலும் எல்லாரும் வந்தார்கள். கோடு நெடுக ஆளுக்கு ஒரு சாக்கு. வாடியில் மாட்டிறைச்சிக் கறி கொதித்தது. நீ சந்தனக்குச்சியைக் கொளுத்தினாய். புகை முதலில் காட்டுப் பக்கம் போனது, பிறகு நேரே எழும்பியது, பிறகு மெல்ல வயல் பக்கம் சாய்ந்தது. நீ பார்த்துக்கொண்டே நின்றாய். அது திரும்பவில்லை. குச்சியை வாய்க்காலில் நனைத்தாய்.

"இண்டைக்கு இல்ல."

ஒரே முணுமுணுப்பு. உன்னிடம் அனுமதி இருந்தது, பவுசர் இருந்தது, இவ்வளவு சனம் இருந்தது. "இவ்வளவு பேரும் வேலைய விட்டுட்டு வந்து, ஒரு நெருப்புக்குச்சி உரசாமத் திரும்பிப் போறதா?" என்று காசிம் காக்காவே கேட்டார். எனக்கும் உன் மேல் எரிச்சல்தான் வந்தது. இப்போதுதான் உன்னை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள், இதில் தயங்கி நின்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று காதுக்குள் சொன்னேன். நீ என்னைப் பார்க்கவும் இல்லை.

"சோத்தத் திண்டுட்டுப் போவம் காக்கா. புல்லு எங்கயும் ஓடாது" என்றாய்.

தின்றோம், போனோம். அஸர் தொழுகைக்குப் பிறகு நாள் தவறி எழும்பிய கச்சான் ஒன்று வாடிகளின் ஓலையைப் பிய்த்து எறிந்தது.

ஒரு வழியாகக் காற்று சரிவந்த நாளில், பத்த வைப்பதற்கு முன் புல்லுக்குள் தகரம் தட்டிக்கொண்டு நடக்கச் சொன்னாய். உயிர்கள் வெளியேற ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருந்தாய். முயல் ஓடியது, காடை பறந்தது. ஆமைதான் தகரச் சத்தம் கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாய்க் கிடந்தது. காசிம் காக்கா சாரத்து மடியில் ஆமைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் சாரத்தைப் பிடித்தபடி மெசின் பெட்டிக்கு நடந்தது ஒரு காட்சி. "காக்கா, சாரம் கவனம்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பிறகு நெருப்பு மேய்ந்தது, வட்டை முழுவதும் காவல் நின்றது. கோட்டைத் தாண்டிய பொறி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு காத்திருந்தது.

கொஞ்ச நாளில் கறுப்புத் தரையில் இளம்புல் முளைக்க, யானை வந்து நின்று மேய்ந்தது. "நல்லா யானைக்குக் கந்தூரி வெச்சிரிக்கிறாய்" என்று உன்னை நக்கலடித்தோம். நீ அதற்கும் சிரித்தாய். வயலுக்குள் வராமல் அங்கேயே தின்றுவிட்டுப் போனதே என்றாய். அது எல்லா நாளும் உண்மை இல்லை என்பது உனக்கும் தெரியும், மிதிபட்ட என் வரப்புகளுக்கும் தெரியும்.

அந்த வருடக் கச்சானில் பெரிய நெருப்பு வந்தது. பகல் நேரம். கதிர் மஞ்சளாகத் தலை சாய்த்து நின்றது. மேற்கே வானம் செம்மண் நிறமாகி, காட்டு ஓரத்திலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. மோதினார் மைக்கைப் பிடித்தார். இம்முறை ஆக்கள் ஓடி வந்து நெருப்புக்குள் பாயவில்லை. கோடு நெடுகப் போய், அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து காற்றோடு ஓடி வந்த நெருப்பு நம் பட்டிக்கு வந்ததும், தின்ன ஒன்றுமில்லாமல் கட்டையாகி, ஊர்ந்து, படுத்துவிட்டது. பாய்ந்து வந்த பொறிகளைச் சாக்கால் அடித்தோம். நீ கந்தோர் ஜீப்பில் வந்து சேரும்போது முடிந்துவிட்டிருந்தது. காசிம் காக்கா தன் வயல் வரப்பில் நின்று கதிரைத் தடவிக்கொண்டிருந்தார். உன்னைக் கண்டதும் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் அகலமா எரிப்பம், மனே."

அன்று வீடு திரும்பும்போது என் பின்னால் இருந்து நீ பைத்துப் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தாய். மச்சான், உனக்குக் குரல் கிடையாது. ஆனாலும் நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

நீ மௌத்தான செய்தியையும் அதே வட்டைப் பள்ளி மைக்கில்தான் சொன்னார்கள். மோதினாருக்குக் குரல் உடைந்து, உன் பேரை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. மழைக்குள் அதே மெசின்களில், அதே ஆட்கள் சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கினார்கள். நெருப்புக்கு ஓடி வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அன்று அவர்களுக்கு அணைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, சும்மா நின்றார்கள். உன் கபுறுக் குழிக்குள் இறங்கியவர்களில் காசிம் காக்காவும் ஒருவர். அந்த வயதில் வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்தும் கேட்கவில்லை. மையித்து வீட்டு வாசலில் எரிந்த சந்தனக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை நேரே மேலே போனது. மிச்சமிருந்த பக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஏதோ ஒரு பக்கெட் என் சட்டையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. இனிக் காற்றைப் பார்க்கிற வேலை என் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யார் பார்ப்பார்கள்?

இனி இன்றைய கதை. புது அதிகாரி ஒரு சிங்களப் பிள்ளை. இளம் வயது. தமிழைத் தேடித் தேடிக் கதைப்பாள். மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். நான் போய்ச் சேரும்போது கோட்டில் ஆக்கள் நின்றார்கள். முதலில் அதற்கே அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். காசிம் காக்காவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், உழுதது அவருடைய மகன். கோடு கல்லுக்கு மேற்கேதான் விழுந்திருந்தது. கறி கொதிக்கிற வாசம் வந்தது. மிஸ் தீப்பந்தத்தைத் தயார்படுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விதானை ஐயா, பத்த வைக்கலாம்தானே?"

நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். ஒன்றுமில்லை. நேற்றுத் துவைத்த சட்டை. உன் மதினி பக்கெட்டை எங்கே வைத்தாளோ. மச்சான், அந்த நேரம் எனக்கு வியர்த்துவிட்டது. நீ இல்லை, குச்சியும் இல்லை, எல்லாரும் சாக்கோடு நிற்கிறார்கள், கொளுத்து என்று சொன்னால் கொளுத்திவிடுவாள். கோடு நெடுகப் பார்த்தேன்.

அங்கே காசிம் காக்காவின் கைக்கு மேலே ஒரு மெல்லிய புகை. அவருக்கு அப்பால் அவர் மகனின் கையில் இன்னொன்று. அதற்கும் அப்பால் மோதினார். பெண்கள் நின்ற பக்கத்தில் ஒன்று, வாய்க்கால் முனையில் ஒன்று. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவரும் தன் மடியிலிருந்து, சட்டைப் பையிலிருந்து, தலைப்பாகை மடிப்பிலிருந்து எடுத்துக் கொளுத்தியிருந்தார்கள். வட்டை முழுவதும் உன்னைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் மட்டும்தான் வெறும் பையோடு வந்திருந்தேன்.

அத்தனை புகையும் வயல் பக்கம் சாய்ந்தது.

மிஸ்ஸின் கையில் காற்றைப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று இருந்தது. அதுவும் அதையே சொன்னது போலும், முகம் வாடிவிட்டது. இவ்வளவு பேரை வரவழைத்துவிட்டோமே என்ற சங்கடம் அவளுக்கு. என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் காசிம் காக்கா குச்சியை வாய்க்காலில் நனைத்துவிட்டார்.

"வாங்க மகள், சோத்தத் திண்டுட்டுப் போவம். புல்லு எங்கயும் ஓடாது."

அவள் சிரித்துவிட்டாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாய் விரித்தோம், ஒரே தட்டில் பகிர்ந்து தின்னும் சஹன் சோற்றைச் சுற்றி இருந்தோம், மிஸ்ஸுக்கு வேறு தட்டில் கொடுத்தோம். உன் சொல்லை அவருடைய சொல்லாகவே சொன்னார் காக்கா. எங்கே கேட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. நான் சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி சோறு அள்ளினேன்.

வீட்டுக்கு வந்தபோது உன் மதினி வாசலில் நின்றாள்.

"எரிச்சாச்சா?"

"இல்ல. காத்துச் சரியில்ல."

"பொறகு என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் அலுமாரித் தட்டிலிருந்து பக்கெட்டை எடுத்து வந்தாள். "நாளைக்கும் போறதுதானே. இந்தாங்க, மையித்து வாசம்."

இனி அது எனக்குத் தேவைப்படாது என்று தெரியும். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.